புல் தின்னும் மண்

கினு அக்காவைப் பற்றி எழுதச் சொன்னால் எங்கள் ஊரில் எல்லோரும் நல்லதாகத்தான் எழுதுவார்கள். செத்தவர்களைப் பற்றி அப்படித்தான் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். எனக்கு அது வராது. அவள் உயிரோடு இருந்தபோது அவளை எனக்குப் பிடிக்கும், ஆனால் அவளுக்குக் கிடைத்த பேர் பிடிக்காது. அடுத்தடுத்த தோட்டம், ஒரே வெயில், ஒரே மழை, ஆனால் பாராட்டு மட்டும் வேலி தாண்டி என் பக்கம் வந்ததே இல்லை.

எங்கள் மலையூர் ஒக்குசாவாவில் மொத்தம் ஏழு வீடு. ஓடைக்கு இந்தப் பக்கம் சரிவில் வீடுகள், அந்தப் பக்கம் எல்லோருக்கும் பொதுவான தேயிலைக் கொட்டகை. ஏழில் மூன்று வீடு கினு அக்காவின் தோட்டத்துக்கு நேர் கீழே இருந்தது. அவளுடையது, என்னுடையது, ஊர்த்தலைவர் ஹெய்சாக்கு அண்ணனுடையது.

கினு அக்கா பத்தொன்பது வயதில் கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வளைந்த கால், உரத்த தும்மல். அவள் தும்மினால் ஓடைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் 'கினு எழுந்துட்டா' என்பார்கள். தேநீர் போட்டுக் குடித்த இலையை வீசமாட்டாள். சோயா சாறு இரண்டு சொட்டு விட்டுச் சோற்றோடு பிசைந்து தின்றுவிடுவாள். "மாடு கூட அசைபோடும், நீ அதுகூட இல்லாம முழுங்கிறியே" என்று நான் சொன்னால், "மாட்டுக்கு உன்னை மாதிரி பக்கத்து வீட்டுக்காரி கிடையாதுடி, நிம்மதியா அசைபோடுது" என்பாள்.

அவள் புருஷன் மட்சுசோ ஒரு ஜூலை மாதம் முதுகில் பூச்சிமருந்துத் தொட்டியோடு வரிசைகளுக்கு நடுவில் விழுந்தார். அப்போதெல்லாம் எல்லோரும் மருந்து அடித்தோம். வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைத்தோம். அவர் இரண்டு மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கினு அக்கா தொட்டியைப் பாறையில் போட்டு உடைத்தாள். 'இனிமே என் செடிக்கு மருந்தும் வேணாம், மூட்டை உரமும் வேணாம். புல்லு போதும்' என்றாள்.

முதல் மூன்று வருஷம் பூச்சிகளுக்கு அங்கே கல்யாண விருந்து. செடிகளில் குச்சிதான் மிச்சம். "துடைப்பம் வளக்கிறியா அக்கா?" என்று கேட்டேன். "ஆமாடி டோமே, உன் வாயைப் பெருக்கத்தான்" என்றாள். நான்காவது வருஷம் சிலந்திகள் வந்தன, குருவிகள் வந்தன, இலையும் வந்தது. அந்தத் தேநீரை ஹெய்சாக்கு அண்ணன் குடித்தார். கிண்ணத்தை மறுபடி நீட்டினார். அவ்வளவுதான், அடுத்த வருஷமே ஊர் முழுக்க மருந்தை நிறுத்திவிட்டது. நானும் நிறுத்தினேன், பொறாமையில்.

மருந்தில்லாத தேயிலைக்கு உயிர் புல்தான். மலை உச்சியில் ஆளுயரம் வளர்ந்து வெள்ளைக் கொண்டை விடும் புல்லை இலையுதிர் காலத்தில் அறுப்போம். கட்டுக் கட்டாகக் கூடாரம் போல நிறுத்திக் காயவைப்போம். பனிக்காலத்தில் நறுக்கி, தேயிலை வரிசைகளுக்கு நடுவில் முழங்கால் உயரத்துக்குப் பரப்புவோம். மழையில் மண் அரிக்காது, களை முளைக்காது, மக்கி உரமாகிவிடும். புல் எவ்வளவு சீக்கிரம் தாழ்கிறதோ அவ்வளவு நல்ல மண் என்பது எங்கள் கணக்கு. 'மண்ணு புல்லைத் தின்னுது' என்போம். புத்தாண்டுக்கு வீடு வீடாகப் போகும்போது 'உங்க மண்ணுக்கு இந்த வருஷம் நல்ல பசியா?' என்று கேட்பது மரியாதை.

கினு அக்காவின் தோட்டத்தில் மேலிருந்து மூன்றாவது வரிசைக்குத்தான் ஊரிலேயே பெரிய பசி. மற்ற வரிசைகள் ஆறு கட்டு தின்றால் அது பன்னிரண்டு தின்னும். அடுத்த வருஷம் பதினெட்டு. பனி விழுந்தால் தோட்டம் முழுக்க வெள்ளையாக இருக்கும், அந்த ஒரு வரிசையில் மட்டும் நிற்காது, உருகிவிடும். நகரத்திலிருந்து வந்த தேயிலை வியாபாரி அதைப் படம் எடுத்துக்கொண்டு போனான். "உயிருள்ள மண்ணுங்க இது, உள்ளே வெந்துகிட்டு இருக்கு" என்று அவனிடம் ஹெய்சாக்கு அண்ணன் ஏதோ தானே வேகவைத்தது போலச் சொன்னார். என் வரிசையில் போட்ட புல் போட்டபடி கிடந்தது. எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவள் இறப்பதற்கு மூன்று குளிர்காலம் முன்பு, பிப்ரவரியில், அவளுக்குக் கட்டு சுமக்கப் போனேன். நாங்கள் மாற்றி மாற்றி உதவிக்கொள்வது வழக்கம். அவள் மேல் வரிசையில் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் புகழ்பெற்ற வரிசையில் நின்றேன். அப்படி என்னதான் இருக்கிறது இந்த மண்ணில் என்று குனிந்து புல்லுக்குள் கையை விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. இன்னும் உள்ளே விட்டேன். முழங்கை போனது, தோள் வரை போனது, மண் தட்டவே இல்லை. விரல்களுக்கு நடுவே காற்று மேலே வந்தது. பசுவின் மூச்சு போல ஈரமான, சூடான காற்று. எரு மக்கினால் சூடு வரும், எனக்கும் தெரியும். ஆனால் எரு ஊதாது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன்.

சொல்லியிருக்கலாம். "அக்கா, இங்க வா, இதைப் பாரு" என்று ஐந்து சொல். சொன்னால் அவள் வந்து பார்த்து அதற்கும் ஒரு பாராட்டு வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது. பயத்தை ஒத்துக்கொள்வதைவிடப் பொறாமையை ஒத்துக்கொள்வது எளிது. கட்டைப் பிரித்து அந்த இடத்தை நன்றாக மூடினேன். அழுத்தி வேறு விட்டேன்.

அதற்குப் பிறகு வந்தவற்றையெல்லாம் இப்போது வரிசையாகச் சொல்ல முடிகிறது. அப்போது ஒன்றோடு ஒன்று சேரவில்லை. அவள் வீட்டுக் கதவு மேல்பக்கம் இறுகிக்கொண்டு நகரவில்லை. பழைய வீடு என்றோம். மூன்றாவது வரிசைச் செடிகள் மலையைப் பார்க்காமல் எங்கள் வீடுகளைப் பார்த்துச் சாய்ந்தன, காற்று என்றோம். காட்டுப்பன்றிகள் அந்தச் சரிவில் வருவதை நிறுத்தின, சந்தோஷப்பட்டோம். கடைசி வசந்தத்தில் அவள் வீட்டு ஊற்றுநீர் குறைந்து, அரிசி கழுவிய நீர் போலக் கலங்கி வந்தது. "என் ஊத்துக்கும் வயசாகுது" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கும் வாய் திறக்கவில்லை.

ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் விடாமல் பெய்து பதினோராம் நாள் சற்று விட்டது. இரண்டாம் பறிப்புக்கு இலை முற்றிக்கொண்டிருந்ததால் ஆறு வீட்டாரும் விடியலிலேயே பறித்ததைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து உலையை மூட்டினோம். ஈர இலையைப் பறிக்கமாட்டேன் என்று கினு அக்கா மட்டும் தன் தோட்டத்தில் மண் கொத்தப் போயிருந்தாள்.

எங்கள் கொட்டகைக்கு ஒரு சட்டம் உண்டு. இலை ஆவியில் ஏறிவிட்டால், உருட்டிக் காயவைத்து இறக்கும் வரை யாரும் வெளியே போகக்கூடாது. பாதியில் விட்ட இலை சிவந்து புளித்துப்போகும். என் மாமனார் செத்த அன்றுகூட இலையைக் காயவைத்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தார்கள்.

பத்து மணி இருக்கும். கினு அக்கா கால் முழுக்கச் சேறோடு ஓடிவந்தாள்.

"எல்லாரும் வெளியே வாங்க. மலை விட்டிருக்கு."

"என்னது விட்டிருக்கு?" என்றார் ஹெய்சாக்கு அண்ணன், ஆவிப்பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மூணாவது வரிசையில மம்மட்டி உள்ளே போயிருச்சு அண்ணே. காம்போட போயிருச்சு, விழுந்த சத்தமே வரல. புல்லை வாரிப் பாத்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வெடிச்சு நிக்குது. நாப்பது அடி வச்சு நடந்தேன். மண்ணு தின்னலை அண்ணே, இத்தனை வருஷமா நாமதான் வெடிப்புக்குள்ள புல்லைத் திணிச்சிருக்கோம்!"

"இந்த ஈடு இறங்கட்டும், வந்து பாக்கிறோம்."

"வீட்டுல இருக்கிறவங்களை இப்பவே இந்தப் பக்கம் கூட்டிட்டு வரணும். உங்க அம்மா படுத்த படுக்கையா கிடக்கிறாங்க."

"ரெண்டு மணி நேரம் கினு. மலை எங்கேயும் போயிடாது."

அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு வாசலில் இருந்த வாளியைத் தூக்கினாள். ஓடைத் தண்ணீரை முகந்து வந்து உலையில் கொட்டினாள். நாங்கள் கத்துவதற்குள் இரண்டாவது வாளியும் கொட்டிவிட்டாள். கொட்டகை முழுக்கச் சாம்பலும் புகையும். ஆறு வீட்டு இலையும் பாதி வெந்தும் வேகாமலும் நின்றது.

எங்கள் ஊரில் அப்படி ஒரு காரியத்தை யாரும் செய்ததில்லை. எல்லோரும் இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள். என் புருஷன் தட்சுஜி அவளை அடிக்கக் கையை ஓங்கிவிட்டார். நான் அவரைத் தடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் இலைதான் அன்றைக்கு முதல் ஈடு.

எப்படியோ அவளுடைய கூச்சலில் மூன்று வீட்டிலிருந்தும் ஆட்களைத் தூக்கி வந்து, ஓடைக்கு அந்தப் பக்கம் கோயில் கூடத்தில் தங்கினோம். மலை அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. அரசு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார், சாலையில் நின்று மூடுபனியைப் பார்த்தார், 'கவனமா இருங்க' என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் சுள்ளென்று வெயில் அடித்தது. ஹெய்சாக்கு அண்ணனும் தட்சுஜியும் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வெடிப்பில் மழைநீரும் சேறும் இறங்கி நிரம்பியிருந்தது. முழங்கால் ஆழம்தான் தெரிந்ததாம்.

அன்று பகலில் கோயில் கூடத்திலேயே ஊர்க்கூட்டம்.

"அது பழைய வாய்க்கால்" என்றார் ஹெய்சாக்கு அண்ணன். "எங்க தாத்தா காலத்துல தண்ணி வடிய வெட்டுனது. மேல புல்லு மூடி உள்ளே மக்கி வாய் திறந்திருக்கு. இதுக்குப் போய் உலையில தண்ணி ஊத்திட்டா."

"வாய்க்கால்னா அடி இருக்கும். இதுக்கு அடி இல்ல" என்றாள் கினு அக்கா. "இது இன்னிக்கு நேத்து வந்தது இல்ல அண்ணே. பனி நிக்காம உருகுச்சே, அது மண்ணுச் சூடு இல்ல. கீழே இருந்து வர்ற காத்து. அது மூச்சு விட்டுச்சு."

"மலை மூச்சு விடுதாம்" என்றான் எவனோ பின்னாலிருந்து. "தும்மாம இருந்தா சரி, கினு அக்கா மாதிரி." கூடம் சிரித்தது.

"யாராவது பாத்திருக்காங்களா? உன்னைத் தவிர வேற யாருக்காவது தெரியுமா?" என்று ஹெய்சாக்கு அண்ணன் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. மனுஷன் உண்மையாகவே கேட்டார். இரண்டாவது ஆள் ஒருவர் சொன்னால் எங்கள் ஊர் கேட்கும். ஒற்றை ஆள் சொல்வது சொந்தக் கருத்து, இரண்டு பேர் சொல்வது ஊர் விஷயம்.

கினு அக்கா என் பக்கம் பார்த்தாள். எல்லோரையும் பார்ப்பது போலத்தான் பார்த்தாள், ஆனால் பார்வை என்னிடம் கொஞ்சம் கூடுதலாக நின்றது. நான் என் கையை மடியில் வைத்துக்கொண்டு பாயின் ஓரத்தைப் பார்த்தேன். சிவந்துபோன என் இலை கண்ணுக்குள் நின்றது. அதோடு, இப்போது எழுந்தால் 'மூணு வருஷமா ஏன் சொல்லல' என்று கேட்பார்களே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

அவள் நெற்றி பாயில் படக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். கெட்டுப்போன இலைக்கு ஈடாகத் தன் தோட்டத்து இலை முழுவதையும் பறித்துக் கொடுப்பதாகச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் இலைக்கு இலைதான் சரி. பிறகு நிமிர்ந்து, "நாளைக்கே பறிக்கிறேன். நான் தனியா பறிச்சிக்கிறேன், யாரும் மேல வர வேணாம். கம்பியில கூடையா அனுப்புறேன். நீங்க எல்லாரும் கொட்டகையில இருந்து வாங்கி உடனுக்குடனே ஏத்திருங்க. ஹெய்சாக்கு அண்ணே, அம்மாவையும் அங்கேயே படுக்க வைங்க, பறிப்பு முடிஞ்சதும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகலாம்" என்றாள்.

பாவம், தப்பை உணர்ந்துவிட்டாள் என்று எல்லோரும் நெகிழ்ந்தார்கள். அவளுக்கு முள்ளங்கி ஊறுகாயும் சோற்று உருண்டையும் கட்டிக் கொடுத்தார்கள். அதில் ஒரு உருண்டை நான் பிடித்தது.

மறுநாள் பளிச்சென்ற வெயில். அவள் தோட்டத்து மேலிருந்து ஓடை தாண்டிக் கொட்டகை வரை ஒரு இரும்புக் கம்பி உண்டு, சுமையைச் சறுக்கி அனுப்ப. காலை ஏழு மணிக்கு முதல் கூடை வந்து இறங்கியது. நல்ல இலை, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக. உலை மூட்டி ஆவியில் ஏற்றினோம். அரைமணிக்கு ஒரு கூடை வந்தது. ஒரு ஈடு இறங்குவதற்குள் அடுத்த ஈட்டுக்கு இலை சேர்ந்துவிடும். ஒருவரும் கொட்டகையை விட்டு அசைய முடியவில்லை. பகல் சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே விழுங்கினோம்.

"மதியம் வீட்டுக்குப் போய் படுக்கையை வெயில்ல போடலாம்னு பாத்தேன். இந்தப் பொம்பளை விடமாட்டா போல" என்று முனகினார் தட்சுஜி.

ஒரு மணிக்கு மேல் வந்த கூடைகளில் இலை மாறியது. காம்பு, முற்றிய இலை, குச்சி எல்லாம் கலந்து இருந்தது. அரிவாளால் அறுத்து அடைத்திருந்தாள். ஹெய்சாக்கு அண்ணன் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "இது என்ன, தேயிலையா ஆட்டுத் தழையா? கினு கையா இப்படிப் பறிக்குது?"

இருபத்தைந்து வருஷம் அவள் பறிப்பதைப் பார்த்திருக்கிறேன். செடிக்கு வலிக்கும் என்று மழை நாளில் பறிக்காதவள். தழையைக் கையில் எடுத்ததும் எனக்குப் புரிந்தது. அவள் தேயிலை அனுப்பவில்லை. எங்களைக் கொட்டகையில் கட்டிப்போட்டுக்கொண்டிருந்தாள். கூடை வரும் வரைக்கும் உலை எரியும், உலை எரியும் வரைக்கும் எவனும் வீட்டுக்குப் போகமாட்டான். எங்கள் சட்டத்தை எடுத்து எங்கள் மேலேயே பூட்டிவிட்டாள். அவள் மட்டும் அந்த வெடிப்பின் மேல் நின்று அறுத்துக்கொண்டிருந்தாள்.

நான் வெளியே ஓடினேன். "ஏய், ஈடு கிடக்குது, எங்கடி போற?" என்று தட்சுஜி கத்தினார். பாலத்தின் நடுவில் போகும்போது தலைக்கு மேலே கம்பி தொய்ந்தது. அடுத்த நொடி விண்ணென்று இறுகி அறுந்தது. ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்ததைப் பார்த்தேன். பச்சை மண் வாசனை மூக்கில் அடித்தது. பிறகுதான் சத்தம் வந்தது.

தேயிலை வரிசைகள் கலையாமல், வரிசை வரிசையாகவே இறங்கி வந்தன. மூன்றாவது வரிசைக்குக் கீழே இருந்ததெல்லாம் வந்தது. அவள் வீடு, என் வீடு, ஹெய்சாக்கு அண்ணன் வீடு, மூன்றும் இருந்த இடம் தெரியவில்லை. மணி மூன்று. அவள் தழை அனுப்பாமல் இருந்திருந்தால் நாங்கள் இரண்டு வீட்டாரும் உள்ளே பகல் தூக்கத்தில் இருந்திருப்போம். அவளை ஒன்பதாம் நாள் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

ஊர் இப்போது அவளைத் தெய்வம் என்கிறது. நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்துக்கு அவள் மகள் சனாயே ஹமமட்சுவிலிருந்து வந்தாள். எல்லோரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். பிப்ரவரி, புல், தோள் வரை போன கை, சூடான காற்று, கூட்டத்தில் நான் பாயைப் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன். 'அடி, திட்டு, என்ன வேணா செய்' என்றேன்.

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. சொன்னாள்:

"தெரியும் அத்தை. கூட்டத்துக்கு முன்னாடி அம்மா சாலையோரக் கடையிலிருந்து போன் பண்ணுனாங்க. 'அன்னிக்கு டோமே கையை விட்டு எடுத்ததை மேல இருந்து பாத்தேன், மண்ணுச் சூடு பாக்கிறான்னு நெனச்சேன், இப்பத்தான் புரியுது'ன்னாங்க. உங்க பேரைச் சொல்ல வேண்டியதுதானேன்னு கேட்டேன். 'அவளை நான் இழுக்க மாட்டேன், வேண்டியதும் இல்ல. அவ வாய்தான் முள்ளு. ஊர் உசிருன்னு வந்தா எனக்கு முன்னாடி டோமே எழுந்திருப்பா பாரு'ன்னாங்க."